சகாதேவனின் கனம்

சகாதேவன் உட்கார்ந்ததும் கட்டுமரத்தின் பின்பக்கம் தண்ணீருக்குள் போனது. இடுப்புவரை நனைந்தபடி அவன் அசையாமல் இருந்தான்.

"எறங்கு மச்சான்," என்றான் பெருமாள். மரம் அவனுடையது. சகாதேவனின் மனைவி காந்தாவுக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. "மொத மரமா கெளம்பணும்னு, ஒரு மாசமா கட்டையைக்கூட அவுக்காம தண்ணியிலயே கட்டி வெச்சிக்கினு கீறேன். உன் கனத்தால கடைசி மரமாப் போவுது. நாளையிலேர்ந்து அந்த ஒல்லிப் பய கோபால் வரட்டும்."

"பதினஞ்சு வருசமா நான்தான் இங்க குந்திக்கினு கீறேன்."

"அப்போ நீ பாதி ஆளு."

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். சகாதேவனுக்கு அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டான். கடலுக்குப் போகாத ஆண்பிள்ளையைக் கோட்டைக்குப்பத்தில் நண்டுகூட மதிக்காது.

"வர்ற பௌர்ணமிக்கு இளைச்சு வந்து இதே எடத்துல குந்தறேன், பாரு," என்றான்.

அன்று முதல் அரைச்சோறு. நான்காம் நாள் காந்தா அடுப்பங்கரையைத் துழாவினாள்.

"கருவாட்டுப் பானை எங்கயா?"

"பானை அங்கயேதான் கீது."

பானை இருந்தது. கருவாடுதான் இல்லை. உப்புத் தாகத்துக்கு ஒரு குடம் தண்ணீரும் குடித்திருந்தான். வயிறு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சோற்றைக் குறைப்பது சரிப்படாது, ஓட்டம்தான் வழி என்று முடிவு செய்தான். விடிந்ததும் ஒல்லாந்துக்காரர் கோட்டையைச் சுற்றி ஓடினான். காரணமில்லாமல் கோட்டையைச் சுற்றும் மனிதனைச் சிப்பாய்கள் அதுவரை பார்த்ததில்லை. நான்காம் சுற்றில் வேவுகாரன் என்று பிடித்துக்கொண்டார்கள்.

"எதுக்கு ஓடின?" என்று துபாஷி கேட்டார்.

"இளைக்கறதுக்கு."

துபாஷி அதை மொழிபெயர்க்கவே இல்லை. தானே நம்பாததைத் துரையிடம் எப்படிச் சொல்வார்?

ஆறு நாள் உள்ளே வைத்தார்கள். வேலை கிடையாது, நடக்க இடமும் கிடையாது. அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட சமையற்காரன் வேளைக்கு இரண்டு பங்கு ரொட்டியும் கொழுப்பு மிதக்கும் கறியும் கொடுத்தான். வெளியே வந்தபோது சகாதேவனின் கன்னம் உப்பியிருந்தது.

"போதும்யா," என்றாள் காந்தா. "வலையைத் தெச்சிக்கினு ஊட்லயே குந்து."

"மாட்டேன். இன்னும் பதினெட்டு நாள் கீது. வுழுந்தவன் நான், நானே எழுந்துக்கறேன்."

மறுநாளும் ஓடினான், கோட்டைக்கு எதிர்த்திசையில். பழையசோற்று நீராகாரமும் ஓட்டமுமாகப் பதினெட்டு நாள். ஊர் சிரித்தது. அவன் நிற்கவில்லை.

பௌர்ணமியன்று காலை, நழுவிய அரைஞாண் கயிற்றுக்குப் புது முடிச்சுப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். யாரும் சிரிக்கவில்லை. நேராகப் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்தான்.

மரம் தண்ணீருக்குள் போனது.

"இன்னும் கொறையணும் மச்சான்," என்றான் மரத்தின் முன்பக்கம் இருந்த பெருமாள்.

சகாதேவனுக்குக் கண் கலங்கியது. உடனே கோபம் வந்தது.

"நான் எறங்கறேன். கோபாலை ஏறச் சொல்லு."

விலாங்குமீன் போலிருந்த கோபால் தயங்கித் தயங்கி ஏறினான். மரம் அதே அளவு மூழ்கியது.

"அவனையும் ஒரு மாசமா சோத்தைக் கொறைக்கச் சொல்லிக்கினுதான் கீறேன்," என்றான் பெருமாள்.

சகாதேவன் கோபாலின் கையைப் பிடித்து இறக்கினான். பிறகு பெருமாளையும் இழுத்து இறக்கினான். ஆளே இல்லாத மரம் அப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே கிடந்தது.

மீனுக்காகக் கூடையோடு காத்திருந்த மணியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஊரே தெனமும் கட்டையை அவுத்து மணல்ல காயப்போடறது அழகுக்கா பெருமாளு? ரெண்டு மாசமா தண்ணி குடிச்சு ஊதினது உன் மரம், பட்டினி கெடந்தது இவங்க ரெண்டு பேரு."