பட்டாளத்து லாரியின் பச்சை அட்டைப் புத்தகம்

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். என் முழங்கால் நலமில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். முப்பத்துநாலு வருஷம் ஒரு வரி எழுதாமல் இருந்தவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ பத்து வரை படித்தவன். முதலில் எழுதியது யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். சமாதானம் பேச எழுதவில்லை. லாரிப் புத்தகத்துக்காக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் மருமகன், அதாவது என் மகன், வேலை பார்த்த அச்சகத்தைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே இயந்திரத்துக்கு முன்னால் நின்றவன் வீட்டுக்கு வந்து சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பதினோரு மாதம். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டில் வைத்ததில் பாதியைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும், பழைய இரும்புக் கிடங்கில் பார்த்து வா என்று மருமகள் ஒரு நாள் அவனை விரட்டி அனுப்பினாள். போனவன் லாரியோடு வந்தான். மூடி இன்றுவரை வரவில்லை. பட்டாளத்தில் ஓடிய பழைய லாரி என்று சொல்லி, நாலு பேரை வைத்து இழுத்து வந்து, சமையலறை ஜன்னலுக்கு நேராகப் பின்முற்றத்தில் நிறுத்தினான். அன்றிலிருந்து நாங்கள் நடுப்பகலில் விளக்குப் போட்டுச் சமைக்கிறோம். துணிக்கொடி கட்டியிருந்த இடத்தில் லாரியின் மூக்கு இருக்கிறது. மருமகள் ஈரத்துணியை அதன் முகத்தில் விரித்துப் போட்டாள், எடுக்கும்போது துணியெல்லாம் துரு. அதன் பிறகு அவனுடைய சட்டைகளை மட்டும் தினமும் அங்கேயே காயப்போட்டாள்.

இது எந்தக் காலத்து வண்டி, எந்த வகை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்காகப் பழைய வண்டிச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் எப்போதும் பூதக்கண்ணாடி, அதனால் நான் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன். உப்புத்தாளை வைத்து மகன் தேய்க்கத் தேய்க்க மேலே நீலம், அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு சிவப்பு, கடைசியில் பச்சை வந்தது. இந்த வீட்டில் யாருக்கும் இவ்வளவு மரியாதையாக முதுகு தேய்த்துவிட்டதில்லை. பச்சையைப் பார்த்ததும் பூதக்கண்ணாடி கண் கலங்கினார். பிறகு இஞ்சினைப் பார்த்துவிட்டு, இது இந்த வண்டியின் இஞ்சினே இல்லை, யாரோ விவரம் கெட்டவர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்றார். படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவு மூன்று நாளாகத் திறக்கவில்லை. எண்ணெய் விட்டார்கள், சுத்தியலால் தட்டினார்கள், கடைசியில் வெல்டிங்காரனைக் கூப்பிட்டு அறுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வெல்டிங்காரனுக்குத் தெருவில் அவசரம் என்றுதான் பெயர், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான் எழுந்து போய்க் கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கி, கதவின் கீழ்மூலையில் முழங்காலால் ஓர் இடி இடித்தேன். திறந்துகொண்டது. அந்த முழங்கால்தான் இன்னும் வீங்கியிருக்கிறது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "இருக்கையைக் கழட்டுங்க, அடியில ஒரு பலகை இருக்கும்" என்றேன். இருந்தது. என் தையல் இயந்திரத்தின் மேல்பலகை, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே உன் கண் எட்டவில்லை என்று என்னைக் கேட்காமல் அதைப் பெயர்த்து எடுத்துப் போனவன் நீ. அப்புறம் அது நழுவுகிறது அக்கா என்று வந்து நின்றாய். நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தவள் நான். மூன்று சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே செருகல். நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த முடிச்சைப் போடவும் வராது, அவிழ்க்கவும் வராது. கயிறு நைந்திருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. "இது எங்க லாரி" என்று சொன்னேன். கிடங்கில் மேலே பூசிய நீலத்தில் எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை, அன்று சின்னப் பையனாக இருந்த மகனுக்கு எப்படித் தெரியும். பெருமழை பெய்த வருஷம் இஞ்சினை மாற்றிய விவரம் கெட்டவர்கள் உன் அத்தானும் நீயும்தான் என்பதையும் பூதக்கண்ணாடியிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். முன்விளக்குக்குக் கறுப்புத் தகட்டு மூடி இருந்ததா, பின்னால் கொக்கி ஒன்றா இரண்டா என்று. எல்லாம் சொன்னேன். வண்டியின் நீள நம்பரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அன்று இரவு உன் மருமகன் இரண்டாம் முறை சோறு கேட்டான். பதினோரு மாதத்தில் முதல் தடவை. மருமகள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். பட்டாளத்துப் பச்சைக்கு மினுமினுப்பு இருக்கக் கூடாதாம். இவன் கலந்ததெல்லாம் மினுமினுத்தது. கலந்து கலந்து சோதனைக்காகப் பூசியதில் என் முக்காலி, குளியலறை வாளி, கைத்தடியின் கால்பாகம் எல்லாம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டன. கதவைச் செப்பனிடலாமா என்று கேட்டவனிடம், அது அப்படித்தான் திறக்கும், விடு என்றேன். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவசரம் வந்தான். வண்டியின் அடிச்சட்டத்தில் இருந்த துருவைத் தேய்க்கச் சொன்னால், சக்கரத்துக்குப் பின்னால் செதுக்கியிருந்த அந்த நீள நம்பரை, சேசிஸ் நம்பராம், அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டான். "ஏதோ கரடுமுரடா இருந்துச்சுண்ணே, வழவழன்னு ஆக்கிட்டேன்" என்று சிரிக்கிறான். கடைசி மூன்று எண்தான் மிச்சம்.

வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். முழு நம்பரையும் அதிகாரியிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. "பாட்டி, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஞாபகத்துக்கு எல்லாம் முத்திரை குத்த முடியாது. பட்டாளத்துல ஏலம் விட்டப்ப குடுத்த பழைய புத்தகம் இருந்தா கொண்டாங்க" என்றார். மாதக் கடைசிக்குள் கொண்டுபோகாவிட்டால் அது லாரி இல்லையாம், வெறும் இரும்பாம், கிடங்குக்கே திரும்பிப் போக வேண்டியதுதானாம். வீட்டுக்கு வந்ததும் உன் மருமகன் கை கழுவினான், நாற்காலியை எடுத்துச் சுவருக்கு முன்னால் போட்டான். இன்றைக்கு ஆறு நாள். லாரி போனால் எனக்கு ஜன்னல் கிடைக்கும், கொடி கிடைக்கும், வாளி கிடைக்கும். ஆனால் அந்த நாற்காலியை இன்னொரு பதினோரு மாதம் பார்க்க என்னால் ஆகாது, தம்பி.

அதனால்தான் கேட்கிறேன். உன் அத்தான் மூச்சு வாங்கிப் படுத்திருந்தபோது லாரியை விற்கலாம் என்று வந்து நின்றாய். அவர் எழுந்தால் எதை ஓட்டுவார், விற்காதே என்றேன். மறுநாள் புத்தகத்தைக் காணவில்லை. அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் என்னைப் பார்த்து, "அக்கா, நீதான் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கே" என்றாய். நான் ஒளித்தேனாம். புத்தகம் இல்லாததால் ஓடுகிற லாரியைப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டு வந்தாய், நாலாம் நாள் உன் அத்தானும் போய்விட்டார். புத்தகத்தை எடுத்தவன் நீ, பழியை என்மேல் போட்டவனும் நீ, அன்றும் இன்றும் எனக்கு அதில் சந்தேகமில்லை. இனி என் வாசற்படி மிதிக்காதே என்று சொன்னேன், நீயும் மிதிக்கவில்லை. சொன்ன பேச்சை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான். பச்சை அட்டை, முதுகில் துணி ஒட்டியது, மூலையில் எண்ணெய்க் கறை. உன் பீரோவில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்து உடனே அனுப்பிவை. மன்னிப்பு எதுவும் கூடவே அனுப்ப வேண்டாம், தபால் கனம் கூடும்.

உன் பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், உயரமாக வளர என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். நீ என்மேல் பழி போட்ட அன்று அவள் சிரித்ததை நான் பார்த்தேன் என்பதையும் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, உறை தேட என் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில், உன் அத்தானுடைய இரண்டு சட்டைகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் தாள் சுற்றி நைலான் கயிறு கட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே பச்சை அட்டைப் புத்தகம். நம்பர் நான் ஒப்பித்ததேதான், ஓர் எண் பிசகவில்லை. அதை நான் அங்கே வைத்தது மட்டும் நினைவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தும் வரவில்லை. அந்த வாரம் எனக்குப் பகலும் தெரியவில்லை, இரவும் தெரியவில்லை. ஆனால் மூன்று சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே செருகல். வேறு யாரையும் சொல்ல வழியில்லை.

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் நாலு பக்கம், கை வலிக்கிறது. இதையே அனுப்புகிறேன், நீ கடைசியிலிருந்து படித்துக்கொள். உன் வீட்டுக்காரியிடம் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டாம். புத்தகம் கிடைத்துவிட்டதால் நீ அனுப்ப வேண்டியது எதுவும் இல்லை, வர வேண்டிய வேலையும் இல்லை. மகனிடம் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று அவன் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தான். அந்தப் பலகையைத் துடைத்து, பழைய இடத்திலேயே பொருத்தி, என்னிடம் புதுக் கயிற்றை நீட்டினான். கட்டிவிட்டேன். இந்த வீட்டில் அதன்மேல் உட்காரும் அளவுக்குக் குட்டையானவர்கள் யாரும் இல்லை.