சூசை மாமாவுக்கு அடித்த வெள்ளை

கோவிலில் ஃபாதர் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால், யாருக்குச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்கிற ஆள் நான். எனக்கே தனியாகச் சொல்லியிருக்கலாம். (கேட்டிருப்பேனா, அது வேற.)

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில், அப்பா செத்துப்போனார். அடுத்த வாரமே பக்கத்து வயல் சூசை மாமாவும். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு பேர். குத்தாலத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறையில் வரிசைப்படி குழி வெட்டியதில் அடுத்தடுத்து படுத்துக்கொண்டார்கள். இடம் மாற்றிக் கேட்க ரெண்டு பேராலும் முடியவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு நவம்பர் வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் நிஜமாகிவிடும் போல இருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி. "கல்லறைத் திருநாளுக்காச்சும் என்னைக் கூட்டிட்டுப் போ. அவரு பக்கத்துல கொஞ்சம் உக்காரணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெரு செபக்கூட்டத்தை நடத்துகிற சகாயமேரி அக்கா வந்து, "திருநாள் காலைல எல்லாரும் மம்பட்டியோட வந்துடுங்க பாப்பா. மொத்தக் கல்லறையும் சேர்ந்து சுத்தம் பண்றோம்" என்றார்.

"எங்கப்பாவை நான் பாத்துக்குறேன். ஊரான் கல்லறைக்கெல்லாம் புல்லு செதுக்க எனக்கு நேரமில்லக்கா."

அக்கா அடுத்த வீட்டுப் படி ஏறினார். வருஷா வருஷம் ஆளில்லாத கல்லறையாகத் தேடிப்போய்ப் புல் செதுக்கியவர் எங்கப்பா என்று அவருக்கும் தெரியும்.

முந்தின நாளே தனியாகப் போனேன். மழையில் ரெண்டு மேடும் கரைந்து, ஒரே மாதிரி புல் மண்டிக் கிடந்தது. அப்பா பெயர் எழுதிய மரச்சிலுவை ரெண்டுக்கும் நடுவில் குப்புற விழுந்திருந்தது. சூசை மாமாவுக்கு இன்னும் சிலுவை வைக்கவில்லை. குழி வெட்டுகிற அந்தோணி அண்ணன் பத்தடி தள்ளி பீடி குடித்துக்கொண்டு நின்றார். கேட்டிருக்கலாம். பெற்ற அப்பன் கல்லறை எதுவென்று இன்னொருத்தரைக் கேட்பதா? எட்டாவது வரை படித்த மூளையைக் கசக்கி, 'அப்பா உயரமான ஆள், அதனால் நீளமான மேடுதான்' என்று முடிவு செய்து சிலுவையை நட்டேன். புல் செதுக்கி, சுற்றிச் செங்கல் பதித்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தேன். நாலு மணி நேரம். அழுதுகொண்டே அடித்ததில் பாதிச் சுண்ணாம்பு என் மேல்தான்.

மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிப்போனேன். ஊர்க்காரர்கள் கல்லறையின் மறுகோடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அம்மா வெள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நடவு முடிந்தது, மோட்டார் ரிப்பேர் ஆனது, துபாயிலிருந்து அண்ணன் சரியாகப் பேசாதது, நான் சாப்பிடாதது, எல்லாவற்றையும் கொட்டினாள். அரை மணி நேரம். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன்.

மாலையோடு வந்த சூசை மாமாவின் மனைவி ஆரோக்கியம் அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அம்மாவிடம் பேசியும் பதினோரு வருஷம்.

"ஏன் அண்ணி, எங்க வூட்டுக்காரருகிட்ட ஒங்களுக்கு இவ்ளோ என்ன பேச்சு?"

அம்மாவுக்குப் புரியவில்லை.

"வாராவாரம் வந்து மெழுகுவத்தி ஏத்துறேன், எனக்குத் தெரியாதா? ஒங்க வூட்டுக்காரரு அந்தா இருக்காரு. ஒங்க மவ மிதிச்சிக்கிட்டு நிக்கிறா பாருங்க."

துள்ளி இறங்கினேன். அந்தோணி அண்ணன் வேறு வந்து, "ஆமா பாப்பா. நேத்தே நீயா கேப்பேன்னு பாத்தேன். நீ மொறச்சிக்கிட்டே இருந்த" என்றார்.

அப்பா மேல் முழங்கால் உயரத்துக்குக் கோரை. அம்மா அதைப் பார்த்தாள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையால் பிடுங்கினேன், வேர் வரவில்லை. கடைசியில் அந்தக் கோடி வரை நடந்துபோய், "அக்கா, ஒரு மம்பட்டி குடுங்க" என்றேன்.

"மொத்தக் கல்லறையும்னுதானடி சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அக்கா நாலு பேரோடு வந்தார். ஆரோக்கியம் அத்தையும் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒரு மடை தண்ணி விட்டுருப்பானா இந்த மனுஷன்" என்று முணங்கிக்கொண்டே, எங்கப்பா மேலிருந்த கோரையை வேரோடு பிடுங்கினாள்.

இப்போது சூசை மாமாவுக்கு வெள்ளை அடிப்பது என் வேலை. அத்தை விடுவதில்லை, நீலம் குறைந்தால் திட்டும் உண்டு. அம்மாவும் முதலில் அங்கேதான் அஞ்சு நிமிஷம் உட்காருகிறாள். கேட்டால், "ஒங்கப்பாகிட்ட முப்பது வருஷம் பேசிருக்கேன், ஒருநாளு முழுசா கேட்டாரா? இவரு குறுக்க ஒரு வார்த்த பேசலடி" என்கிறாள்.