பூசணி நார்மனும் பள்ளி வாரியத்தின் தீர்மானமும்

பள்ளி வாரியத் தலைவர் உயர்திரு ஆர்டன் ஹாகன் அவர்களின் மேலான பார்வைக்கு, மழலையர் வகுப்பு ஆசிரியை மார்லிஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், பதினெட்டுப் பிள்ளைகளும், பாடத்துக்காக ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் சிதைந்துகொண்டிருக்கும் எங்கள் பூசணி நார்மனும் நலம். தங்கள் முழங்கால் வலி இந்தப் பனியில் எப்படி இருக்கிறது?

வாரியத்தின் முத்திரையோடு தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ‘சிதைவு’, ‘ஆவியாதல்’, ‘கருதுகோள்’, ‘ஆதாரம்’ என்று நான் வகுப்புச் சுவரில் மாட்டிய நான்கு சொல் அட்டைகளும் ஐந்து வயதுக்கு ஒவ்வாதவையாம். ‘அழுகல்’, ‘உவ்வே’ போன்ற எளிய சொற்களே போதுமாம். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் நான் அட்டைகளைக் கழற்றி மன்னிப்பும் எழுதித் தராவிட்டால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போகுமாம். கழற்ற மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். என் உயிருள்ளவரை என் வகுப்பில் ‘உவ்வே’ என்ற சத்தம் எழாது. ஆறு டைனோசர்களின் முழுப் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு ‘ஆவியாதல்’ மட்டும் வாயில் நுழையாதா? போன வாரம் ஹேட்டி, அதாவது தங்கள் சொந்தப் பேத்தி, “கையுறை வேணாம் டீச்சர். இன்னிக்குக் குளிராதுங்கிறது என் கருதுகோள்” என்று வெறுங்கையோடு பனியில் இறங்கினாள். இரண்டே நிமிடம். “கருதுகோள் தப்பு, கையுறையக் குடுங்க” என்று திரும்பி வந்தாள். வாரியத்தில் யாராவது இதுவரை அப்படித் திரும்பி வந்ததுண்டா அண்ணா?

உன் கோபத்துக்குக் காரணம் அட்டையில்லை, நன்றித் திருநாள் விருந்துதான் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த மேசையில்தானே இருந்தேன். வான்கோழியை வெட்டுமுன் வழக்கம்போல ஆளுக்கொரு நன்றி சொன்னோம். நீ புது வெப்பமூட்டிக்குச் சொன்னாய், உன் மருமகள் கால்பந்துக்குச் சொன்னாள், நான் வெட்கமில்லாமல் ஆப்பிள் பணியாரத்துக்குச் சொன்னேன். ஹேட்டியின் முறை வந்தது.

“நான் சிதைப்பான்களுக்கு நன்றி சொல்றேன். பூஞ்சையும் மண்புழுவும் சேந்து கொள்ளுத் தாத்தாவ மண்ணாக்கிக்கிட்டு இருக்காங்க. எங்க நார்மனயும்தான். அதுல செடி வரும்.”

குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. “யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?” என்று நீ கத்தினாய். “டீச்சர்தான். ஆதாரம் ஜன்னலோரம் இருக்கு, வந்து பாருங்க” என்றாள் அவள்.

அண்ணா, ஜனவரியில் இறந்துபோன அப்பாவை, பனியில் உறைந்த மண் ஏப்ரலில் இளகிய பிறகுதான் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு நீயும் நானும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பதினோரு பேர் உட்கார்ந்த மேசையில் அவரை நினைத்தவள் அந்தக் குழந்தை ஒருத்தி. அவர் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரிகிறது, அதைச் சொல்ல அவளிடம் சொல் இருக்கிறது. நமக்கு இல்லை. எனக்கு அழுகை வந்தது, பணியாரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பிடுங்கச் சொல்கிறாயா? வேலை போனால் போகட்டும், போடா அண்ணா.

உன் முழங்கால் குணமாகவும், வாரியத்துக்கு நல்ல புத்தி வரவும், எல்லோர் வீட்டுக் குழாய்களும் இந்தக் குளிரில் உறையாதிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை,
மார்லிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், நார்மன் இருந்த கண்ணாடித் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தப் போனேன். அடிப்பக்கம் கழன்றது. ஆறு வாரத்து நார்மன் முழுவதும் என் மடியிலும் காலணிக்குள்ளும். “ஐயய்யோ! உவ்வே!” என்று அலறியது நான்தான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. “டீச்சர், என்ன பாத்தீங்களோ அதச் சரியான சொல்லால சொல்லுங்க” என்றாள் ஹேட்டி, நான் தினமும் சொல்கிற அதே குரலில். எனக்கு வேறெந்தச் சொல்லும் வரவில்லை. ஆகவே வாரியத்தின் ‘உவ்வே’ இப்போது அவள் கையெழுத்தில் சுவரில் ஐந்தாவது அட்டை. மன்னிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன், பிள்ளைகளிடம். பதினேழு பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஹேட்டி மட்டும் ஆதாரம் கேட்கிறாள். நீ வரும்போது மண்வெட்டி கொண்டு வா, நார்மனை அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டுமாம்.