மூளைக்காகப் போன மீசை

மீசையில் வலது பாதி போய்விட்டது. முனியராஜ் இடது கையிலிருந்த ரேசரையும் எதிரே இருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். போனது போனதுதான், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் வரவில்லை.

"ஏ மாரித்தாயி, கொஞ்சம் இங்கன வா!"

அடுப்படியிலிருந்து வந்த அவன் மனைவி மாரித்தாய் குபீரென்று சிரித்தாள். அப்புறம் கட்டின புருசனாயிற்றே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கு இடது கையில செரைக்கீக? வலது கைக்கு என்ன கேடு?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது. இது மூளைக்குப் பயிற்சி."

"மூளை மீசையிலயா இருக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் இடது கையால் பல் விளக்கியதில் முனியராஜுக்கு ஈறு கிழிந்து, வாயைத் திறக்கவே வலித்தது.

முனியராஜ், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. சம்பளம் அதற்குத்தான். ஆனால் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது வேறொன்றுக்காக. கம்பெனியில் புதுச் சரக்கு எது வந்தாலும் அதற்குப் பேர் வைக்கிறவன் அவன். 'சம்பந்தி சண்டை' என்ற சரவெடி, 'ஓடுலே ஓடு' என்ற சக்கரம், எல்லாம் அவன் வைத்த பேர்கள். தீபாவளிக்குக் கடையில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சோறுகூட வேண்டாம்.

இந்த சீசனுக்குப் புதிதாக ஒரு வாண வெடி செய்திருந்தார்கள். விர்ரென்று மேலே போகும், அங்கேயே பொசுக்கென்று அணைந்துவிடும். நமுத்துப்போன சரக்கு என்று எல்லோரும் தலையைக் குனியும்போது, வானம் பூராவும் பூவாய் விரியும். அருமையான சரக்கு. ஆனால் பேர்தான் வந்து தொலையவில்லை. முனியராஜ் சொன்ன பேருக்கெல்லாம் முதலாளி ரத்தினசாமி உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி மதுரைக்குப் போய், ஏசி ஹோட்டலில் நடந்த 'மூளையை எழுப்புவோம்' வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் முனியராஜைக் கூப்பிட்டார்.

"ஏலே முனியராஜ், மனுசனுக்கு மண்டைக்குள்ள மூளை ரெண்டு பாகம். இடது பக்கம் கணக்குப் பாக்கும். வலது பக்கம் கற்பனை பண்ணும். ஒனக்கு வலது பக்கம் தூங்குதாம். வாத்தியாரு அடிச்சுச் சொல்லிட்டாரு."

"என்னைப் பாக்காமலேயா அண்ணாச்சி?"

"பேரு வரலைன்னு சொன்னேன். அதுவே போதும்னுட்டாரு. படிச்ச ஆளுலே!"

"அண்ணாச்சி, எனக்குக் கணக்கும் சுமாராத்தான் வரும்."

"அப்ப ரெண்டு பக்கமும் தூங்குதோ என்னமோ. கேளு. இடது கைய ஆட்டுறது வலது பக்க மூளை. அதனால பல்லு வெளக்குறது, செரைக்கிறது, டீ குடிக்கிறது எல்லாத்தையும் இடது கையில செய்யி. மூளை திடுக்குன்னு முழிச்சுக்கிரும். வெள்ளிக்கிழமை லேபிள் திருத்தங்கல் பிரஸ்சுக்குப் போயாகணும். அதுக்குள்ள பேரு வரலேன்னா, பிரஸ்ல கம்ப்யூட்டர்ல டிசைன் போடுற புள்ளைய வைக்கச் சொல்லிருவேன். இனிமே எல்லா சரக்குக்கும் அதுதான்."

கடைசியில் குரலை இறக்கினார். "இத வெளிய மூச்சு விட்ராத. மத்த கம்பெனிக்காரன் கேள்விப்பட்டா அவனும் முழிச்சுக்கிருவான்."

பேர் வைக்கிற வேலை போனால் முனியராஜுக்கு மிச்சம் பெட்டியும் கயிறும்தான். எத்தனை வருசமாகத் தன் மண்டையை நம்பி இருந்தான்! அதில் பாதி தூங்குகிறது என்றால் யாரிடம் போய் அழுவது?

ஆகவே அரை மீசையோடு நிற்க முடியாமல், மிச்ச மீசையையும் இடது கையாலேயே வழித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் சண்முகத்தாய் அவனைப் பார்த்ததும், ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினாள்.

"ஐயையோ! கோட்டைச்சாமி மாமாவா? எப்பய்யா?"

அப்போதுதான் முனியராஜுக்கு உறைத்தது. இந்தப் பக்கம் மீசை வைத்த ஆள் திடுதிப்பென்று மீசையை எடுத்தால், பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். அவன் அம்மா போய் ரொம்ப வருசம் ஆயிற்று. மிச்சம் இருப்பது ஆனைக்குட்டத்தில் தம்பி வீட்டில் இருக்கும் அப்பா கோட்டைச்சாமி. அந்த மனுசனோ இன்னும் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகிறார்.

"அதெல்லாம் இல்லக்கா. அப்பா நல்லாத்தான் இருக்காக. இது..." மூளை என்று சொல்ல வாய் எடுத்தான். முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. "இது வேண்டுதல்."

"மீசைக்கு மட்டும் வேண்டுதலா? எந்தச் சாமிய்யா மீசையக் கேட்டுச்சு?"

அவள் நீட்டிய டீயை முனியராஜ் இடது கையால் வாங்கினான். சண்முகத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம். துக்கத்துல எந்தக் கைன்னுகூடத் தெரியல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள்.

வேண்டுதல் என்று சொல்லியாகிவிட்டது. அதை உண்மையாக்க வேண்டியதுதான் என்று முனியராஜுக்கு ஒரு யோசனை. நேரே சலூனுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டான். எந்த மூளை இந்த யோசனையைச் சொன்னதோ தெரியாது, தூங்குகிற மூளையாகத்தான் இருக்க வேண்டும்.

சலூன்காரர் தலையில் தண்ணீர் தெளித்தபடி பெருமூச்சு விட்டார். "நல்ல சாவா?"

"வேண்டுதலுய்யா!"

"ஆமாமா. மனசத் தேத்திக்கிட வேண்டியதுதான்."

கம்பெனி வாசலில் நுழையும்போதே அவனுக்கு முன்னால் சேதி வந்து உட்கார்ந்திருந்தது. மீசையும் இல்லை, தலைமுடியும் இல்லை. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எங்கப்பா சாகலை, சாகலை" என்று அவன் சொல்லச் சொல்ல, "அப்படித்தான் இருக்கும், ஏத்துக்கிட மனசு வராது" என்று இன்னும் கூட அழுதார்கள். தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவந்து, தலையோடு துண்டைப் போர்த்திப் படுத்துவிட்டான்.

மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போன மாரித்தாய் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க, எந்திரிங்க! கம்பெனிக்கு லீவு விட்டாச்சாம். வேன் பிடிச்சு, மாலை வாங்கிக்கிட்டு, அம்புட்டுப் பேரும் ஆனைக்குட்டத்துக்குப் போயிட்டிருக்காகளாம்! ஒங்க மொதலாளி கார்ல முன்னாடி போறாராம்!"

"மொதலாளியுமா?"

"'பேரு வைக்கணுமேன்னு பெத்த தகப்பன் சாவையே எங்கிட்ட மறைச்சுட்டாம் பாரு'ன்னு குலுங்கிக் குலுங்கி அழுதாராம்."

முனியராஜ் தன் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். ஊரே வாயால் சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டிருந்தால்? இப்படி ஒரு கூட்டம் மாலையோடு வந்து இறங்கினால் நல்ல இதயம்கூட நின்றுபோகுமே. பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவைகூட அவரை எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கோட்டைச்சாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கார் வந்து நின்றது. பின்னால் வேன். முதலாளி ஆள் உயர ரோஜா மாலையோடு இறங்கினார்.

"வாங்க அண்ணாச்சி! மாலையும் கையுமா வந்திருக்கீக. இங்கன யாரு வீட்ல எழவு?"

ரத்தினசாமி மாலையைப் பார்த்தார். கோட்டைச்சாமியைப் பார்த்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். வேனுக்குள்ளிருந்து எதையும் பார்க்காமலே, கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்திருந்த சண்முகத்தாய் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். "கோட்டைச்சாமி மாமா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே!"

தன் பேரைக் கேட்டதும் கிழவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். அந்தச் சமயம் முனியராஜ் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மொட்டைத் தலை, மழித்த மூஞ்சி. கோட்டைச்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஏலே! நான் இருக்கேம்லே!"

ஆனைக்குட்டம் கண்மாய் வரைக்கும் கேட்டிருக்கும். ஒப்பாரி பாதியில் நின்றது.

முனியராஜ் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். மீசை போன வெட்கம், மூளை தூங்குகிற துக்கம், வழியெல்லாம் பட்ட பயம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஏம்லே அழுவுற? இருக்கேங்கேன்ல" என்று கோட்டைச்சாமி அவன் மொட்டையைத் தடவினார். "நல்லா இரு. ஆனா மீசைய எங்கலே விட்ட?"

முனியராஜ் அழுகையை நிறுத்தினான். அப்பா தோளிலிருந்து மெதுவாகத் தலையை எடுத்தான். விர்ரென்று போய், பொசுக்கென்று அணைந்து, எல்லோரும் தலையைக் குனியும்போது...

"அண்ணாச்சி! பேரு வந்துருச்சு!"

"என்னலே பேரு?"

"'இருக்கேம்லே!'"

முதலில் சிரித்தது வேனில் இருந்த பொம்பளைகள்தான். அப்புறம் முதலாளி சிரித்தார், தொந்தி குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொண்டுவந்த மாலை வீணாகக் கூடாதென்று கோட்டைச்சாமி கழுத்திலேயே போட்டார். அவரும் "காலுல போடாம கழுத்துல போட்டீகளே, அதுவே போதும்" என்று வாங்கிக்கொண்டார்.

"இனிமே பேரு வைக்கிறதுக்கு ஒன்னைத் தவிர வேற ஆளு கெடையாதுலே. பாத்தியா, வலது பக்கம் முழிச்சுக்கிருச்சு! வாத்தியாருக்கு இப்பவே சொல்லணும்" என்று முதலாளி செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் தேடித் தெருமுனைப் பக்கம் போனார்.

முனியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் மேல் சாய்ந்தான். முதலாளியின் டிரைவர் ஊர்க்காவலன், அவன் மொட்டையைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த மதுரை வகுப்புல நானும் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"கெட்டிக்கார வாத்தியார்தான் தம்பி. என்னைக் கண்ணால பாக்காமலே என் மூளை தூங்குதுன்னு கண்டுபிடிச்சுட்டாரே."

ஊர்க்காவலன் தெருமுனையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்க பேச்சே அங்க வரலண்ணே. தூங்குதுன்னு அவரு சொன்னது நம்ம மொதலாளி மூளைய. பயிற்சியத்தான் இவரு வழக்கம்போல வெளி ஆளுக்கு ஜாப் ஒர்க்கா விட்டுட்டாரு."