குடங்களின் வாக்கு

மலைமேல் அரண்மனையும் அடிவாரத்தில் ஏரியுமாக ஒரு நாடு இருந்தது. தண்ணீருக்கு மேலே ஏறத் தெரியாததால், நாற்பது பெண்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு முந்நூறு படி ஏறினார்கள். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல். குடத்தை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறுவார்கள்.

ஒருநாள் அரசாணை வந்தது. அவர்கள் இனி வேலைக்காரிகள் அல்லர், ‘நீர்க் கூட்டாளிகள்’. கூட்டாளிக்கு எசமானர் கிடையாது. எனவே வேலைநேரமும் கிடையாது. வேலைநேரமே இல்லாதவர்களுக்கு ஓய்வு எதற்கு என்று, மறுவாரமே அரண்மனை ஆட்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அது இப்போது அரசரின் தோட்டத்தில் இருக்கையாக இருப்பதாகக் கேள்வி.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியான அஞ்சுகத்துக்கு அப்போது ஏழு மாதம். இருநூறாவது படி வந்தால் வயிறு கல்லாக இறுகும். கல் போன மாதமே, அவளோடு சுமக்கும் பூவாத்தாள் அந்தப் படிகளில்தான் கருவைப் பறிகொடுத்தாள்.

“கல்லைத் திருப்பிக் கேட்டுரலாம்டி” என்றாள் அஞ்சுகம்.

“யாருகிட்ட? நாமதான் கூட்டாளியாச்சே. நம்மகிட்ட நாமளேதான் கேட்டுக்கணும்” என்றாள் பூவாத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

நாற்பது பேரும் குடங்களோடு அவைக்குப் போனார்கள். தொழில்நல அமைச்சர் வீரசிகாமணியார் கனிவாகக் கேட்டுக்கொண்டார்.

“கோரிக்கை நியாயமானதே. ஆயினும் சங்கமாக வந்தால்தான் அரசு பேசும். பதிவேட்டில் உள்ள கூட்டாளிகளில் பாதிக்கு மேல் கை உயர்த்தினால் சங்கம். சட்டம் அவ்வளவு எளிமையானது.”

“நாங்க எல்லாருமே தூக்கறோம் சாமி.”

அமைச்சர் பதிவேட்டைப் புரட்டினார். “மொத்தக் கூட்டாளிகள் எண்பது.”

“நாப்பது பேருதானுங்களே இருக்கோம்?”

“குடங்கள் நாற்பது உள்ளனவே. உண்மையில் தண்ணீரைத் தாங்குவது அவைதாம். நீங்கள் குடத்தை மட்டுமே தாங்குகிறீர்கள்.”

வாக்கெடுப்பு நடந்தது. நாற்பது கைகள் உயர்ந்தன. குடங்கள் அசையவில்லை.

“சரிபாதி. பாதிக்கு மேல் அன்று” என்றார் அமைச்சர். “குடங்கள் மனநிறைவோடு இருப்பது தெரிகிறது.”

“அதுகளுக்கென்ன, வவுறா வலியா” என்று முணுமுணுத்தாள் பூவாத்தாள்.

அஞ்சுகம் தன் குடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் அவள் தலையில் இருந்த மண்குடம். வாய் விளிம்பை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். பிறகு தூக்கித் தரையில் போட்டாள்.

“இப்ப எண்ணுங்க சாமி. எழுபத்தொம்பது.”

அமைச்சர் விரல்விட்டு எண்ணினார். பிறகு எழுதுகோலை எடுத்து, சக கூட்டாளியைக் கொன்ற குற்றத்துக்காக அஞ்சுகத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார். மாண்ட குடத்துக்கு அரசு மரியாதை அறிவித்தார்.

“பெண்கள் முப்பத்தொன்பது. குடங்கள் முப்பத்தொன்பது” என்றார். “மீண்டும் சரிபாதி.”

காவலர்கள் அஞ்சுகத்தின் கையைப் பற்றினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். பூவாத்தாள் இடுப்பிலிருந்த குடத்தை மெல்ல எடுத்து, இரு கைகளாலும் தலைக்கு மேலே ஓங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால் வரிசை முழுவதும்.

அமைச்சரின் கண்கள், அவையின் மூலையில் அரசருக்காக வைத்திருந்த தண்ணீர்ப் பானையின் பக்கம் போவதை அஞ்சுகம் கண்டாள். அதில் கால்வாசிதான் இருந்தது.