மூட மாட்டேன் என்ற கதவு

தச்சர் சமையலறை அலமாரிக் கதவை மறுபடியும் சாத்தினார். கதவு மறுபடியும் துள்ளித் திறந்துகொண்டது.

இந்த ஒரு கதவு பிடித்துப்போனால் மற்ற அறைகளின் வேலையும் அவருக்கே என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். சாயங்காலம் பார்க்க வருவார்.

கதவில் ஒன்றும் சட்டத்தில் ஒன்றுமாக ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான விரல் நீளக் காந்தங்களைப் பதிக்கும் யோசனை, உதவிக்கு வந்திருந்த மச்சானுடையது. மச்சானிடம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

"ரெண்டும் சிவப்பு முனை, மாமா. சிவப்பும் சிவப்பும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். ஒண்ணைத் திருப்பி வச்சா போதும்."

"பதிக்கிறதுக்கு முன்னாடி சொல்ல வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

தச்சர் கதவுக் காந்தத்தைப் பெயர்த்துத் திருப்பினார். உதவி செய்கிற நல்லெண்ணத்தில் மச்சான் சட்டத்துக் காந்தத்தைத் திருப்பிவிட்டார். இப்போது நீலத்துக்கு எதிரே நீலம். கதவு முன்னைவிட உற்சாகமாகத் துள்ளியது.

"நீ எதுக்குய்யா திருப்பின?"

"ஒண்ணைத் திருப்பணும்னுதானே பேச்சு? நான் ஒண்ணைத்தான் திருப்பினேன்."

தச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீலந்தான் வில்லங்கம், உடைச்சு எறிஞ்சிடுவோம்" என்றார் மச்சான். கதவுக் காந்தத்தைச் சுத்தியலால் இரண்டாக்கி, நீலப் பாதியைக் குப்பையில் போட்டார். சிவப்புப் பாதியை, உடைந்த பக்கம் வெளியே தெரியப் பதித்தார். கதவு அதற்கும் மசியவில்லை.

"இதுலதான் நீலமே இல்லையேய்யா."

"உடைச்ச இடத்துல புதுசா முளைச்சிருக்கும், மாமா. எத்தனை துண்டாக்கினாலும் துண்டுக்கு ரெண்டு முனை உண்டு. இப்பத்தான் ஞாபகம் வருது."

"உனக்கு எல்லாம் கெட்டப்புறந்தான் ஞாபகம் வரும்."

தச்சரே பாதிக் காந்தத்தைத் திருப்பினார். கதவு ஒட்டியது. ஆனால் பாதிக்கு ஏது வலு? ஊதினாலே திறந்தது. எரிச்சலில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய முரட்டுக் காந்தத்தை எடுத்து, பாதியின் இடத்தில் பக்கம் பார்த்துப் பதித்தார். கதவு படாரென்று மூடிக்கொண்டது, அவருடைய கட்டைவிரலோடு.

விரலை உருவிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் வீட்டுக்காரம்மா. தச்சர் வீங்கிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கச்சிதமா மூடுதும்மா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்காரம்மா கதவையே பார்த்தார்.

"பழைய கதவுல என் பொண்ணு விரலை நசுக்கிக்கிட்டா. காலைல எட்டிப் பாத்தேன், சாத்தச் சாத்த இது தானா விலகிப் போச்சு. எல்லா அறைக்கும் அதையே போடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். அந்தக் கதவை என்ன பண்ணீங்க?"