வேப்பங்கன்றுக்கு மீடியம் சைஸ்

கவலைப்படுகிறவனிடம் பொது வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. வேலை நடந்துவிடும், கூடவே வேறு ஏதாவதும் நடந்துவிடும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் (பரீட்சைப் பயம்தான், வறுமை என்று வெளியே சொல்லிக்கொள்வேன்) தொண்ணூறுகளின் நடுவில் நெருப்பெரிச்சல் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். தைத்து வரும் டீ-சர்ட்டில் ஓட்டை, கறை, கோணல் பிரிண்ட் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். குறை தேடுவதற்குச் சம்பளம் என்றால் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடை ராசப்பண்ணன் தலைமையில் நாங்கள் சிலர் கம்பெனி ரோட்டோரம் வேப்பங்கன்று நட்டோம். மற்றவர்கள் நட்டுவிட்டு மேட்னி ஷோ போனார்கள். நான் நட்டுவிட்டு ஆடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தபடியே ஆடுகள் வந்தன. முள் வைத்துக் கட்டினோம். முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். கோடை வந்தபோது பாதிக் கன்றுகள் வெறும் குச்சி.

அப்போதுதான் கம்பெனி மூலையில் கிடந்த ரிஜெக்ட் மூட்டை கண்ணில் பட்டது. ஜெர்மனி ஆர்டரின் முதல் லாட், அடர் நீலம், நெஞ்சில் ஆர்டர் கொடுத்த பையர் கம்பெனியின் பெயர். பையர் பெயர் போட்ட பீஸ், பெயரை வெட்டி எடுக்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அதை யாரும் சந்தையில் விற்றுவிடக் கூடாது என்பதற்காகத்தானே, வேப்பமரம் கடை வைத்து விற்கவா போகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஸ்டோர்காரரிடம் துடைக்கிற துணி என்று சொல்லி வாங்கி, கன்றுக்கு நாலு பக்கமும் குச்சி நட்டு, குறுக்கே ஒன்று கட்டி, ஆளுக்கொரு டீ-சர்ட் மாட்டினேன். (ஆளுக்கொரு என்றுதான் வருகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் மாதிரியேதான் நின்றன.) கன்றின் அளவு பார்த்து ஸ்மால், மீடியம், லார்ஜ். பிரிண்ட் கோணலாக இருந்தால் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்து நேராக இழுத்துவிட்டேன்.

ஆடுகள் மிரண்டன. நான் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அதுவே ஆபத்தின் அறிகுறி என்று புரிந்திருக்க வேண்டும்.

ஒரு காலை, ஷிப்டுக்கு முன் கன்றுகளுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முதலாளியின் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஜெர்மனிக்காரர். தன் கம்பெனிப் பெயர் ரோட்டோரம் வரிசையாக நிற்பதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பின்னால் இறங்கிய முதலாளி மரத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆர்டர் போனால் கம்பெனியில் பாதி மெஷின் நின்றுபோகும். என் வேலை அதற்கு முன்பே நின்றுவிடும்.

முதலாளி சிரித்த முகத்துடன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெயிலில் கலர் நிற்கிறதா என்று பார்க்க நாங்கள் இப்படித்தான் டெஸ்டிங் செய்வோம் என்று சொன்னாராம். மேனேஜர் பிறகு சொல்லித்தான் தெரியும். ஜெர்மனிக்காரர் முகம் மலர்ந்தது. நேராக ஒரு மீடியத்திடம் போய்க் கையைத் தூக்கி, வெயில் படாத அக்குள் பக்கத்தைப் பார்த்தார். அடர் நீலம். நெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தார். பழைய யூனிபார்ம் நிறம். முகம் சுருங்கியது. மொத்த லாட்டுக்கும் மறுபடி சாயம் போடச் சொல்லிவிட்டார்.

மதியம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வழக்கமாக "வாப்பா, போப்பா" என்கிற முதலாளி எழுந்து நின்று, "வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றபோதே நான் கடைசிச் சம்பளத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

"மரத்துக்கெல்லாம் துணி போட்டு உட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அதுக்குக் குளிருதுன்னு உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்க. ஆடுங்க..."

"ஆடு பொழச்சுப் போகட்டுமுங்க. இனி லாட்டுக்கு ஒரு பீஸ் அந்த மரத்துல தொங்கோணும். பேரை வெட்டிப்போட்டு மாட்டுங்க. அந்தாளு இனி வர்றப்பெல்லாம் அதையத்தான் மொதல்ல பாக்கோணுமாமா. தண்ணியும் நீங்களே ஊத்திருங்க."

என் வேலை தப்பியது. முதலாளி அவசரத்துக்குச் சொன்ன பொய், நான் ரிட்டயர் ஆகும்வரை கம்பெனியின் நடைமுறையாகிவிட்டது. சட்டை போட்டே வளர்ந்த வேம்புகளுக்கு இப்போது எந்த சைஸும் பத்தாது. டவுன் பஸ்காரர்கள் அந்த இடத்தைப் "பனியன் மரம்" என்கிறார்கள்.

வீட்டிலும் அந்த டெஸ்டிங் ஓயவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையின் சாயத்தைப் பற்றிய கவலையில், யார் கண்ணிலும் படாமல் முந்தானையை வெயிலில் காயப்போட்டேன். என் மனைவி பார்த்துவிட்டாள். சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, மாப்பிள்ளையையும் ஒரு வாரம் மரத்துல மாட்டிப் பாத்துக்குங்களேன்."

இன்றைக்கும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வருவதில்லை. வாசல் வெயிலில் நின்று, சட்டைக் கையை மடக்கிக் காட்டிக் கேட்கிறார்.

"பாருங்க மாமா, இன்னும் வெளுக்கலைங்களே?"

நான் சிரித்துவைப்பேன். சிரித்துக்கொண்டே ஒருமுறை பார்த்தும்விடுவேன்.